அடுப்பில்லாத இன்ஜின்

ஒரு ஊர்ல ஒரு துறைமுகம். அந்தத் துறைமுகத்துல ஒரு குட்டி இன்ஜின். அதுக்கு அடுப்பே கிடையாது! சிரிக்காதே, நிஜமாத்தான் சொல்றேன். இந்த அத்தைகிட்ட கதை கேக்கணும்னா ஒழுங்கா 'ம்' கொட்டணும். எங்கே, கொட்டு பாக்கலாம்?

"ம்."

அப்படி வா வழிக்கு. அந்தக் காலத்து இன்ஜினுக்கெல்லாம் வயித்துல அடுப்பு இருக்கும். கரியை அள்ளிப் போட்டா தீ எரியும், தண்ணி கொதிக்கும், ஆவி வந்து சக்கரத்தைத் தள்ளும். சுக்கு புக்கு, சுக்கு புக்கு! ஆனா துறைமுகத்துல பஞ்சு மூட்டை கிடக்கும், பாறை உடைக்கிற வெடிமருந்து கிடக்கும். புகைபோக்கியிலேர்ந்து ஒரு பொறி பறந்தா போச்சு, எல்லாம் சாம்பல். அதனால அந்த இடத்துக்குன்னே இவளைச் செஞ்சாங்க. உடம்பு முழுக்க ஒரே பெரிய பீப்பாய். காலையில கொதிகலன் கொட்டகைக்குப் போவா, ஒரு குழாயை மாட்டுவாங்க, கொதிக்கிற தண்ணியும் ஆவியும் கடகடன்னு குடிச்சுக்குவா. அப்புறம் மூடியை இறுக்கிட்டா நம்ம வீட்டு பிளாஸ்க் மாதிரி சூடு அப்படியே நிக்கும். அதை வெச்சு வேலை பாப்பா. தீர்ந்தா மறுபடி போய்க் குடிச்சுட்டு வருவா.

துறைமுக வாசலுக்கு வெளியில நிக்கிற, அடுப்பு வெச்ச பெரிய இன்ஜினுங்க மூணும் இவளைப் பாத்துக் கேலி பண்ணும். "என்னடி அடுப்பில்லாதவளே, இன்னைக்கு யார் வீட்டுல சாப்பாடு?"ன்னு கேக்கும். கொழுப்பைப் பாரு! இவ பாட்டுக்கு மூட்டை வண்டியை இழுத்துக்கிட்டு, தடக் தடக்னு போயிடுவா. எனக்கு அவளை அதுக்கே ரொம்பப் பிடிக்கும்.

அவளை ஓட்டுறவர் பேரு இருதயம். வண்டிக்குக் கொக்கி மாட்டுறவர் மஸ்தான். துறைமுக மதிலுக்கு அந்தப் பக்கம் தொழிலாளிங்க வீடு, எழுபது வீடு. முதல் வீடு இருதயத்தோடது. அவர் சம்சாரம் லூர்தம்மா பிள்ளை பெத்து ரெண்டே நாள். தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்போ ஒரு நாள் மத்தியானம், மதிலோரம் இருந்த சாக்குக் கொட்டகையில தீ பிடிச்சுக்கிச்சு. படபட படபடன்னு எரியுது. பக்கத்துத் தண்டவாளத்துல மூணு வண்டி நிக்குது. மூணுலயும் வெடிமருந்து!

ஜனங்க ஓடுது. ஒரு பொம்பளை இருதயத்துகிட்ட வந்து, "அண்ணே, அக்காவையும் பிள்ளையையும் கட்டிலோட தூக்கிட்டுப் போயிடறோம்"னா.

"தூக்குங்க தாயி. ஆனா மிச்ச வீட்டுல எத்தனை கிழடு, எத்தனை பிஞ்சு! எல்லாரையும் தூக்க நேரம் ஏது?"ன்னார் இருதயம். "வண்டியைத்தான் நகத்தணும். கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்குதே பாலம், அதோட கோடிக்கு."

பெரிய இன்ஜின் எதுவும் உள்ள வர முடியாது. வந்தா அதோட பொறியே போதும், டமார்! அப்போ யாரு போவா?

"அடுப்பில்லாதவ!"

அவளேதான். ஆனா பாதி நாள் வேலை பாத்தாச்சு, பாதி ஆவிதான் மிச்சம். திரும்பக் குடிச்சுட்டு வர அரைமணி ஆகும். அரைமணிக்குத் தீ சும்மா இருக்குமா? ஒவ்வொரு வண்டியும் யானைக் கனம். அதனால ஒவ்வொண்ணா இழுக்கலாம்னு கிளம்பினாங்க.

முதல் வண்டி. மஸ்தான் கொக்கியை மாட்டினார், டங்! புஸ்... புஸ்... ஜோராப் போயிட்டா. பாலத்துக் கோடியில விட்டுட்டு ஓடி வந்தா. ஆவி காட்டுற முள்ளு இறங்கிடுச்சு.

அப்புறம் ரெண்டாவது வண்டி. டங்! புஸ்...... புஸ்...... முக்கி முனகிப் போனா. முள்ளு இன்னும் இறங்கிடுச்சு.

மூணாவது வண்டி. டங்! பு...ஸ்...... ரெண்டு சுத்து சக்கரம் சுத்துச்சு. கிரீச்! நின்னுட்டா. எங்கே? எரியுற கொட்டகைக்கு நேர் எதிர்ல! முள்ளு அடியில கிடக்கு.

"இழு! இழு!"ன்னு ஊரே கத்துது. இருதயம் என்ன பண்ணார் தெரியுமா? ஆவிக் குழாயை இறுக்கி மூடிட்டார். மூடிட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னார்.

மஸ்தானுக்கு உயிரே போச்சு. "யோவ், ஏன்யா நிக்கிறே?"

"அவ மூச்சு வாங்கட்டும். உள்ள இன்னும் சுடுதண்ணி இருக்கு. உறிஞ்சிக்கிட்டே இருந்தா ஒண்ணும் வராது. சும்மா விட்டா தானா கொஞ்சம் ஆவி விடும். நீ சாக்கை நனைச்சு வண்டி மேல போடு."

மஸ்தான் நனைச்சு நனைச்சுப் போடறார். போட்ட சாக்கு சொர்ர்னு காயுது. இருதயத்தோட மீசை பொசுங்குது. ஓடத் தோணாதா மனுஷனுக்கு? ஓட எல்லாராலயும் முடியும். அங்கே நிக்க முடியுமா, சொல்லு? நான்லாம் முதல் ஆளா ஓடியிருப்பேன். அவர் இன்ஜினோட வயித்துல கையை வெச்சுக்கிட்டு, "அவசரமில்ல தாயி, அவசரமில்ல"ன்னார்.

அப்போ அந்த முள்ளு லேசா, ஒரு மயிரிழை, ஏறுச்சு.

குழாயை மெதுவா, ரொம்ப மெதுவாத் திறந்தார். பு...ஸ். ஒரு சுத்து. பு...ஸ். இன்னொரு சுத்து. போனா, போனா, பாலத்துக் கோடி வரைக்கும் போயிட்டா! கடல் காத்து வந்து மஸ்தான் மூஞ்சியில அடிச்சப்போதான் அவருக்கு அழுகையே வந்துச்சு.

தீயை அணைச்சாங்க. எழுபது வீட்டுல ஒரு ஓடுகூட உடையல. ஆனா இவளால ஒரு அடி நகர முடியல. சொட்டு ஆவி இல்ல. அதனால எல்லாரும் கயிறு கொண்டு வந்தாங்க. ஆம்பளை, பொம்பளை எல்லாரும் தேர் இழுக்கற மாதிரி வடம் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்க. வாசல்ல அந்தப் பெரிய இன்ஜினுங்க மூணும் நின்னுச்சு. இவ வர்றதைப் பாத்ததும், மூணும் சேந்து ஊதுச்சு. கூ...... கூ...... கூ......!

பதிலுக்கு இவ ஊதணும் இல்ல? அதுதானே மரியாதை? ஊத ஆவி ஏது! இருதயம் விசில் சங்கிலியைப் பிடிச்சு இழுத்தார், வெறும் காத்துகூட வரல. அவருக்கு மூஞ்சி வாடிப் போச்சு.

அப்போ, தீ அணைஞ்சதும் திரும்பி வந்து, மதில் வாசல்ல பச்சைப் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்ன லூர்தம்மா, ஒரு கையை வாய்கிட்ட குவிச்சு, "கூ......!"ன்னா. அவ்வளவுதான், வடம் பிடிச்ச கூட்டம் மொத்தமும் இவளுக்காகக் கூவுச்சு. "கூ............!" கடல் வரைக்கும் கேட்டுச்சு. குழந்தை பயந்து வீல்னு அழுதுச்சு. அழட்டும்னு விட்டுட்டு, லூர்தம்மா இன்னொரு தடவை கூவினா.

...

என்னடி, 'ம்'மையே காணோம்? சரி, இன்ஜினும் கொட்டகைக்குள்ள போயாச்சு, கதையும் நின்னாச்சு. நீ நிம்மதியாத் தூங்கு.