நந்தவனத்து வழி

“அடைச்சுட்டாங்க தாயே! நான் கட்டுன வடிகாலை மண்மூட்டை போட்டு அடைச்சுட்டாங்க!”

நனைந்த வேட்டியோடு வந்து நின்றார் வேதாசலம். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்துவிட்டு, மடத்துக்குச் சீடராக வந்தவர். குரு சௌந்தரநாயகி அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“யாரு?”

“கீழே நெசவாளர் தெருக்காரங்க. தண்ணி எதிரேறி நம்ம மடப்பள்ளிக்குள்ள வந்திருச்சு. வருஷா வருஷம் மழையில அறுத்துக்கிட்டுப் போன ரோடு, இந்த வருஷம் ஒரு கீறல் இல்ல. அதுக்கு இதுதானா கைம்மாறு?”

அம்மை எழுந்து மழையில் இறங்கி நடந்தார்.

அவர்களைக் கண்டிக்கத்தான் போகிறார் என்று வேதாசலத்துக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. வேகமாகப் பின்தொடர்ந்தார்.

தெரு முடிவில், மூட்டைகளுக்கு முன்னால் சடையம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். தறி நெய்கிறவள்.

“கும்புடுறேன் தாயி. ஆனா மூட்டையில கை வைக்க விடமாட்டோம்.”

“என்ன திமிரு!” என்றார் வேதாசலம்.

“உங்க வீட்டைப் பார்க்கலாமாம்மா?” என்றார் அம்மை.

உள்ளே, தறிக்குழி நிறைய சேற்றுத் தண்ணீர். முக்கால்வாசி நெய்த பட்டுச்சேலையில் கறை ஏறியிருந்தது. தண்ணீரில் மடத்துப் பந்தியின் எச்சில் இலை ஒன்று மிதந்தது.

“உட்காருங்க வேதாசலம்.”

“எங்க தாயே?”

“தறியில.”

அவர் விழித்தார். அம்மை மறுபடி சொல்லவில்லை. வேதாசலம் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு எழப் பார்த்தார்.

“இருங்க” என்றார் அம்மை. அந்தக் குரலை வேதாசலம் அதுவரை கேட்டதில்லை.

“முன்னெல்லாம் நாலா பக்கமும் பரவிப் போற தண்ணிங்க,” என்றாள் சடையம்மாள். “இப்ப அத்தனையும் ஒண்ணாத் திரண்டு எங்க வாசல்ல வந்து விழுது. கட்டும்போதே இவருகிட்ட வந்து சொன்னேன். ‘அது எங்க எல்லை இல்லை’ன்னாரு.”

வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். எச்சில் இலை அவர் வயிற்றில் வந்து ஒட்டியது. அவர் அதை எடுக்கவில்லை.

“வேற வழி இல்லாமலா இங்க விட்டீங்க?” அம்மை கேட்டார்.



“இருந்துச்சு,” என்றார் வேதாசலம். “பாதி ரோட்டுலேயே திருப்பியிருந்தா நேரா ஏரிக்குப் போயிருக்கும். சரிவு அந்தப் பக்கந்தான்.”

“அப்புறம்?”

“நடுவுல நம்ம நந்தவனம் இருக்கு தாயே. சாமிக்குப் பூ எடுக்குற இடம். அதுல எப்படி சாக்கடையை…”

சடையம்மாள் சிரித்துவிட்டாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

வேதாசலம் நிமிர்ந்தபோது அம்மை அங்கே இல்லை.

குழியிலிருந்து ஏறி, சேறு சொட்டச் சொட்ட மேட்டுக்கு ஓடினார். நந்தவனத்துப் படல் திறந்து கிடந்தது. நந்தியாவட்டைச் செடி ஒன்று மொட்டுகளோடு, வேரோடு, வெளியே கிடந்தது.

அம்மை அடுத்த செடியின் தூரைப் பிடித்திருந்தார்.

“இது ஆழமா வேர் விட்டிருக்கு,” என்றார். “அந்தப் பக்கம் பிடிங்க.”