தணிகாசலம் மடித்த இலை

மும்பையில் பீட்சாவும் பனீரும் விற்கும் அந்தப் பெரிய ஓட்டலில் மதியம் மட்டும் வாழையிலைச் சாப்பாடு உண்டு. ஓட்டல்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதும் தணிகாசலம் ஒருநாள் சாப்பிட்டு முடித்து, முதலாளியைக் கூப்பிட்டார்.

"வாயில வைக்க முடியல. சமையல்காரனை இன்னைக்கே அனுப்பிடுங்க. இல்லேன்னா எழுதிடுவேன்."

முதலாளி கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். பரிமாறும் எஸ்தர் மட்டும், "நெசமாவே பிடிக்கலையா சார்?" என்றாள்.

"பிடிச்சதுன்னு நீ நிரூபியேன் பார்ப்போம்! என் நாக்குக்குள்ள புகுந்து பார்ப்பியா?"

"நாக்கு எதுக்கு சார்? திருப்தியாச் சாப்பிட்டவங்கதானே இலையைத் தம் பக்கமா மடிப்பாங்க? உங்க கை அப்படித்தானே மடிச்சிருக்கு!"

தணிகாசலம் பதறிப்போய், எதிர்ப்பக்கம் மடிக்க இலையை விரித்தார். உள்ளே ஒரு கறிவேப்பிலைகூட மிச்சமில்லை.

முதலாளி சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "நாளைக்கும் இதே குழம்பு வைங்க அண்ணாச்சி!"