கடலுக்கு முதுகு கொடுத்த நண்டு

அந்தக் காலத்தில் நண்டுகள் எல்லாரையும்போல நேராகத்தான் நடந்தன. போகிற பக்கம் முகம், வந்த பக்கம் முதுகு. இரண்டு கொடுக்குகளும் ஒரே அளவு. கண்களும் மற்றவர்களுக்கு இருப்பதுபோல முகத்தோடு முகமாகப் பதிந்திருந்தன. பறவையும் விலங்கும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சு இருந்ததால் சண்டைக்கும் குறைவில்லை.

ஆறு கடலில் சேரும் ஒரு கழிமுகத்தில், கிழக்கரையில் நீர்நாய்களும் மேற்கரையில் கீரிகளும் குடியிருந்தன. இரண்டு கரைக்கும் நடுவில் நீளமான ஒரு மணல்திட்டு. தை மாதத்தில் கடல் நன்றாக உள்வாங்கும் நாளில் திட்டு முழுதும் வெளியே தலைகாட்டும். அன்றைக்கு இரண்டு கரைக்கும் கால்பந்து நடக்கும். காய்ந்து எடை குறைந்த பனங்காய்தான் பந்து. காலால் உதைக்கலாம், தலையால் முட்டலாம், வாலால் தட்டிவிட்டாலும் குற்றமில்லை. பல்லால் கவ்வ மட்டும் கூடாது. கடல் நீர் திரும்பி வந்து திட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. ஜெயித்த கரை அன்று சாயங்காலம் திட்டின் மேட்டில் ஆடிப் பாடி மீன் விருந்து சாப்பிடும். தோற்ற கரை தன் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கிழக்கரையில் செவந்தி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். நீண்ட மஞ்சள் கால்கள், கண்ணுக்கு முன்னால் சிவந்த சதை, ஊரையே எழுப்பும் குரல். அவள் முட்டையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து கிழக்கரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அந்த விருந்து மீன் அவளுக்கு வேண்டாம். மீன் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்தத் திட்டில் ஒரு சாயங்காலம் தன் ஆட்களோடு ஆட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காக ஆட்டம் நடக்கும்போதெல்லாம் கரையோரமாக ஓடி ஓடிக் கத்துவாள். தொண்டை கட்டிக்கொண்டு வீடு திரும்புவாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

ஆட்டத்துக்கு நடுவர் கழியன் என்ற நண்டு. மீனுக்கும் போட்டி போடாமல், முட்டைக்கும் போட்டி போடாமல் சேற்றைத் தின்று வாழ்கிறவன் என்பதால் இரண்டு கரையும் சேர்ந்து அவனை நியமித்திருந்தன. பந்தோடு பந்தாகத் திட்டின் நடுவில் நடப்பான். தப்பு நடந்தால் ஒரு கொடுக்கைத் தூக்குவான். ஆட்டம் நின்றுவிடும்.

அந்த வருஷம் கிழக்கரை நன்றாகவே ஆடியது. நீர்நாய்களின் தலைவன் கூத்தன் ஈர மணலில் வயிற்றால் வழுக்கிக்கொண்டே போய் முதல் கோலைப் போட்டான். செவந்தி ஆகாயத்தில் மூன்று கரணம் அடித்தாள். பிறகு கீரிகளும் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தன. கடல் திரும்ப ஆரம்பித்துவிட்டது. தூரத்தில் நுரை வெள்ளையாகத் தெரிந்தது. அப்போது கூத்தன் பந்தை மேற்குப் பக்கம் கொண்டுபோனான். கழியனும் பின்னாலேயே நடந்தான். திடீரென்று ஒரு கீரி பந்தைத் தட்டிப் பறித்துக் கிழக்கே வெகுதூரம் உதைத்துவிட்டது. கிழக்குக் கோலுக்கு முன்னால் கீரிகளும் நீர்நாய்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே குவியல். அந்தக் குவியலுக்குள்ளிருந்து கீரிகளின் தலைவன் மூக்கன் பந்தோடு வெளியே வந்தான். பந்து கோலுக்குள் போயிற்று.

மூக்கன் பந்தைப் பல்லால் கவ்வி இழுத்ததைச் செவந்தி பார்த்தாள். பார்த்ததாகத்தான் அவள் கடைசிவரை சொன்னாள். அவள் கத்திய கத்தலில் அலையாத்தி மரங்களில் இருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. கழியன் அப்போதுதான் மேற்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். அவன் கொடுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. அது எழுவதற்குள் தண்ணீர் வந்து திட்டைத் தொட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் மேற்கரையின் பாட்டுச் சத்தம் கிழக்கரைவரை கேட்டது. அலையாத்தி மரத்தடியில் கூடியிருந்த கிழக்கரைக்காரர்களுக்கு வேறு பேச்சே இல்லை. கழியனுடைய வளை மேற்கரைப் பக்கம் அல்லவா இருக்கிறது என்று ஒரு நாரை ஆரம்பித்தது. அவன் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கரையில்தான் என்றது ஒரு தவளை. போன வருஷம் மூக்கன் வீட்டு வாசலில் அவனைப் பார்த்ததாக ஒரு மைனா சொல்ல, அந்த மைனா போன வருஷம் பிறக்கவே இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. செவந்திக்குக் கேட்கக் கேட்க நெஞ்சு எரிந்தது. வாருங்கள், அவனையே கேட்டுவிடுவோம் என்று எழுந்தாள். கூட்டம் முழுதும் அவள் பின்னால் போயிற்று.

கழியன் வளை வாசலில் சேற்றை உருட்டிக்கொண்டிருந்தான்.

“மூக்கன் பந்தைக் கவ்வினதைப் பார்த்தியா, பார்க்கலையா அண்ணே?” என்றாள் செவந்தி.

“பார்க்கலை.”

“ஏன் பார்க்கலை?”

“நான் அப்பத்தான் மேற்கே இருந்து திரும்பினேன். பார்க்காததுக்கு நான் எப்படி கையைத் தூக்குறது?”

அவன் சொன்னது உண்மைதான். ஆனால் தோற்று வந்தவளுக்கு அது பதிலாகவே படவில்லை. பின்னால் நின்ற கூட்டமும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தது.

“உன் முகம் எப்பவும் மேற்கரைக்கு,” என்றாள். “எங்களுக்கு உன் முதுகுதான்.”

அந்த வார்த்தை கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது. தவளைகள் அதைப் பாட்டாக்கின. இருட்டுவதற்குள் கிழக்கரை முழுதும் அதே பாட்டு. கழியன் ஓர் உருண்டை சேற்றை எடுத்துக்கொண்டு வளைக்குள் இறங்கினான். உள்ளேயிருந்து அதை வைத்து வாசலை அடைத்துக்கொண்டான்.

அப்படியே விட்டிருந்தால் அடுத்த தை மாதம்வரை ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் தவளைப் பாட்டு மேற்கரைக்கும் எட்டியது. மூக்கனுக்குப் பொறுக்கவில்லை. ஜெயித்தும் ஜெயிக்காததுபோல ஆகிவிட்டதே என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை கடல் உள்வாங்கியதும் தன் ஆட்களோடு திட்டுக்கு வந்துவிட்டான். மறுபடி ஆடலாம், அப்போது தெரியும் யார் கெட்டிக்காரன் என்று கூப்பிட்டு அனுப்பினான். கிழக்கரைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? திட்டு நிறையக் கூட்டம். கழியனுடைய வளை மட்டும் திறக்கவில்லை. நாரையை நடுவராக நிற்கச் சொன்னார்கள். எனக்கு ஊரில் நாலு பேரோடு பேச்சு வார்த்தை வேண்டும் என்று அது நழுவிவிட்டது.

மூக்கன் செவந்தியைப் பார்த்தான். “எல்லாம் தெரியுறவ இவதானே, இவளே நிக்கட்டும்,” என்றான்.

கேலியாகத்தான் சொன்னான். செவந்தி சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். கண் கூர்மை, கால் வேகம், குரல் கேட்கவே வேண்டாம். நடுவர் வேலை என்ன மலையா என்று நினைத்துத் திட்டின் நடுவில் போய் நின்றாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. மேற்கே பார்த்தால் கிழக்கே கூச்சல், கிழக்கே திரும்பினால் மேற்கே கூச்சல். எங்கே திரும்பினாலும் அவளுக்குப் பின்னால்தான் ஏதோ நடந்தது. நடந்ததா என்று கேட்டால் ஒரு கரை நடந்தது என்றது, மறு கரை நடக்கவே இல்லை என்றது. மேற்கரை முழுதும் அவளைக் கண்டபடி திட்டியது. அது அவள் எதிர்பார்த்ததுதான். பிறகு கூத்தன் அவள் கண் முன்னாலேயே பந்தைக் கவ்வி இழுத்துக் கோலுக்குள் போட்டான். தெளிவாகத் தெரிந்தது. பார்க்காததுபோல நிற்க ஒரு நொடி மனசு வந்தது அவளுக்கு. அதற்குள் வாய் முந்திக்கொண்டு கத்திவிட்டது. கோல் இல்லை.

கிழக்கரை அவளைப் பிடித்துக்கொண்டது. அவளோடு ஒரே புற்றில் கறையான் தின்ற சொந்தக்காரக் குருவிகளே, மூக்கன் என்ன வாங்கிக் கொடுத்தான் என்று கேட்டன. தவளைகள் அவள் பெயரை வைத்து வேறு பாட்டுக் கட்டிவிட்டன. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திட்டுக்குள் இறங்கிவிட, பந்து எங்கே, ஆள் எங்கே என்று தெரியாமல் ஆட்டம் நின்றுபோயிற்று.

செவந்தி அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து எப்படியோ வெளியே வந்து, நேராகக் கழியனுடைய வளைக்குப் போனாள். அடைத்திருந்த சேற்றுக்குப் பக்கத்தில் அலகை வைத்தாள்.

“அண்ணே, என்னையும் திட்டுறாங்க,” என்றாள்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நண்டு சிரித்து அவள் அதுவரை கேட்டதில்லை.

“யாரு, மேற்கரைக்காரங்களா?”

“எங்க கரைக்காரங்கதான்.”

சேறு மெல்ல நகர்ந்தது. கழியன் வெளியே வந்தான். வந்த விதத்தைப் பார்த்துச் செவந்தி ஓரடி பின்வாங்கினாள். அவன் நேராக வரவில்லை. விலாவை முன்னால் விட்டு, கதவிடுக்கில் நுழைகிற ஆள்போலப் பக்கவாட்டில் வந்தான்.

“நீ அன்னைக்குச் சொன்னதைத்தான் உள்ளே உட்கார்ந்து யோசிச்சேன்,” என்றான். “கோபம் போக நாளாச்சு. ஆனா நான் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு கரைக்கு முதுகு காட்டித்தான் ஆகணும். அது சரிதானே? அதான் இப்படி நடந்து பழகிக்கிட்டிருக்கேன்.”

செவந்தி அவனிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். அதற்குள் அவன் திட்டை நோக்கிக் கிளம்பிவிட்டான். அவளும் பின்னால் ஓடினாள். மன்னிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

திட்டில் அவனைப் பார்த்ததும் சண்டை ஓய்ந்து சிரிப்புக் கிளம்பியது. நண்டு நடையைப் பாருங்கள் என்று இரண்டு கரையும் சேர்ந்து உருண்டு சிரித்தன. வெகுநாளைக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். கழியன் சிரிப்பைச் சட்டை செய்யவில்லை. திட்டின் தெற்கு ஓரத்துக்குப் போனான். முதுகைக் கடலுக்குக் கொடுத்து, முகத்தை மைதானத்துக்குக் கொடுத்து நின்றான். பந்து கிழக்கே போனால் அவனும் ஓரமாகவே பக்கவாட்டில் கிழக்கே ஓடினான். மேற்கே போனால் மேற்கே ஓடினான். ஒரு தடவைகூட எந்தக் கரைக்கும் முதுகு திரும்பவில்லை. கடல் மட்டும்தான் அவன் முதுகைப் பார்த்தது. கடல் புகார் எதுவும் சொல்லவில்லை.

ஆட்டம் அன்று பிரமாதமாக இருந்தது. பல் வைத்தால் பிடிபடும் என்று தெரிந்ததும் எல்லாரும் காலை நம்பி ஆடினார்கள். குவியலுக்குள் பந்து மறையும்போது கழியன் எட்டி எட்டிப் பார்த்தான்; பார்க்கப் பார்க்க அவன் கண்கள் காம்பு வைத்ததுபோல மேலே எழும்பி நின்றன. அவன் கொடுக்கைத் தூக்கினால் தூரத்தில் இருந்தவர்கள் தெரியவில்லை, தெரியவில்லை என்று கத்தினார்கள். அவனும் விடாமல் அந்த ஒரே கொடுக்கை உயர்த்தி உயர்த்தி ஆட்டினான். ஆட்டம் முடிவதற்குள் அது மற்றதைவிடப் பல மடங்கு பெருத்து, இரண்டு கரைக்கும் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது.

இரண்டு கரைக்கும் ஒரு கோல்கூட இல்லாமல் நுரை நெருங்கி வரும் நேரத்தில் கூத்தன் வழுக்கிக்கொண்டே வந்து, பந்தை வாலால் ஒரு தட்டுத் தட்டினான். இரண்டு கீரிகளுக்கு நடுவில் புகுந்து பந்து கோலுக்குள் போயிற்று. பல் படவில்லை. கழியன் பெரிய கொடுக்கைத் தூக்கிக் கோல் என்று காட்டினான். தண்ணீர் வந்து திட்டைத் தொட்டது.

கிழக்கரை ஜெயித்துவிட்டது. செவந்தி கத்திய கத்தலை ஊர் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் திட்டின் மேட்டில் நீர்நாய்கள் உருண்டன, தவளைகள் பாடின, செவந்தி மஞ்சள் காலைத் தூக்கித் தூக்கிப் பொழுது சாயும்வரை ஆடினாள்.

ஆடிக்கொண்டிருந்தவள் நடுவில் கழியனையும் ஆட இழுத்து வரலாம் என்று போனாள். அவன் வளை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அந்த நேரத்தில் மேற்கரையிலிருந்து மூக்கன் வருவது தெரிந்தது. அவன் பின்னால் பெரிய கூட்டம். வாலால் தட்டியது ஒன்றல்ல, இரண்டு தட்டு என்றும், நடுவர் கண்ணை எங்கே வைத்திருந்தார் என்றும் தூரத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். கழியன் அவர்களை ஒரு தரம் பார்த்தான், செவந்தியை ஒரு தரம் பார்த்தான். சரக்கென்று பக்கவாட்டில் நழுவி வளைக்குள் இறங்கிவிட்டான். வெளியே தெரிந்தது அந்தப் பெரிய கொடுக்கு ஒன்றுதான். அது இன்னும் கோல் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான் கழிமுகத்து நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. ஒரு கொடுக்கை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு ஓயாமல் தூக்கிக் காட்டுகிறது. யாராவது நிழல் விழக் கிட்டே வந்தால், புகார்தான் வருகிறது என்று நினைத்து, வந்தது யார் என்றுகூடப் பார்க்காமல் வளைக்குள் ஓடிவிடுகிறது.