கருங்கோட்டை வாசலில் ஒரு தும்மல்

கருங்கோட்டை ராஜா மகுடகேசரிக்கு வீரம் உண்டு, ஈகை உண்டு, நல்ல குரல்கூட உண்டு. யோசிக்கும் பழக்கம் மட்டும் கிடையாது. இருந்திருந்தால் ஒரு தும்மலுக்காகப் பாதி ஊரைக் காலி பண்ணச் சொல்வாரா?

புதுப் பல்லக்கில் ஏற ராஜா காலைத் தூக்கிய நேரம் பார்த்து, கூட்டத்தில் நின்ற வளையல் வியாபாரி ஒருவன் தும்மித் தொலைத்தான். அபசகுனம். ஆள் யாரென்று விசாரித்தால் ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவனாம். ராஜா அப்படியே கொலுமண்டபத்துக்குத் திரும்பிப்போய், சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஆணை போட்டார். அக்கரையில் பிறந்தவர்கள் பௌர்ணமிக்குள் கோட்டையை விட்டு வெளியேற வேண்டும். அக்கரையில் பிறந்த எவரும் இனி வாசலுக்குள் கால் வைக்கக் கூடாது.

கொலுமண்டபத்தில் கூத்தபிரானும் இருந்தார். ராஜாவுக்கு யோசனை சொல்வது அவர் வேலை. கேட்காதது ராஜாவின் வேலை. கூத்தபிரானின் மனைவி அலமேலு அக்கரைப் பெண். அவர் வீடு போய்ச் சேருமுன்பே அவள் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள்.

“தோசைக்கல்லை ஏன் எடுக்கிறே?” என்று கேட்டார்.

“எங்க அம்மா வீட்டுச் சீர். நீங்க உட்கார்ந்திருக்கிற பலகையும்தான். கொஞ்சம் எழுந்திருங்க.”

எழுந்து நின்றார். அவள் இல்லாத வீட்டில் அவரால் ஒரு பொழுதுகூட இருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் முகத்தைக் காட்டாமல் மூட்டைக்குள் குனிந்துகொண்டிருந்தாள்.

ஊர் மகாசபை சும்மா இருக்கவில்லை. சபையோரில் பலருக்கு மருமகள்கள் அக்கரைக்காரிகள். கூடி உட்கார்ந்து ஒரு சட்டம் எழுதினார்கள். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே அனுப்புவது என்பதை ராஜா இனித் தனியாகத் தீர்மானிக்க முடியாது; சபை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் சரி, அந்தச் சட்டம் செல்ல வேண்டுமானால் ராஜாவின் மோதிர முத்திரை அதில் விழ வேண்டுமே. தன் கையைக் கட்டும் கயிற்றுக்கு எந்த ராஜா தானே முடிச்சுப் போடுவார்? அந்த ஓலையால் முதுகைச் சொறிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தார். சபை மறுபடி எழுதியது. மறுபடியும் முதுகு. ராஜாவின் முதுகுக்கு அவ்வளவு சுகம் அதற்குமுன் கிடைத்ததில்லை.

கூத்தபிரான் ராஜாவோடு வாதாடவில்லை. பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார். இந்த ஆணைக்கு விலக்கு உண்டா?

“கிடையாது. காவலன் ஆளைப் பார்க்கக் கூடாது. எங்கே பிறந்தாய் என்று மட்டும் கேட்கட்டும்” என்றார் ராஜா.

“ஆணையை மாற்றச் சொல்லி யாராவது வந்தால்?”

“கொலுமண்டபத்தில், சிம்மாசனத்தில் உட்கார்ந்து நான் போட்டது. அங்கே உட்கார்ந்து நானே மாற்றினால் உண்டு. வேறு எங்கிருந்து யார் சொன்னாலும் செல்லாது.”

இதை ஒரு வார்த்தை விடாமல் வாசல் காவலன் இடும்பனுக்குச் சொல்லிவைத்தார் கூத்தபிரான். இடும்பன் சொன்னதைச் செய்வான். சொல்லாததை அவன் அப்பா வந்து கெஞ்சினாலும் செய்ய மாட்டான்.

பௌர்ணமி வந்தது. ஜனங்கள் சட்டி பானையோடு வெளியேறினார்கள். வெளியே நின்று பார்த்தால்தான் வரிசையின் நீளமும் தங்கள் ஆணையின் பெருமையும் தெரியும் என்று கூத்தபிரான் சொல்ல, ராஜா உச்சி குளிர்ந்து வாசலைத் தாண்டிப் போய்ப் பார்த்தார். வரிசையில் அலமேலு தலையில் தோசைக்கல்லோடு நின்றாள். ராஜா திருப்தியாகத் திரும்பினார். குறுக்கே ஈட்டி நீண்டது.

“எங்கே பிறந்தீங்க?” என்றான் இடும்பன்.

“அரண்மனையில்.”

“எந்த அரண்மனைங்க?”

ராஜா ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் தாயார் அக்கரை இளவரசி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடக்கும்? ராணியானாலும் அதே வழக்கம்தான்.

“ஆத்து வெள்ளத்தைத் தாண்டித் தொட்டில்ல வந்த சிங்கக்குட்டின்னு வருஷாவருஷம் உங்க பிறந்தநாளுக்குப் பாடுறாங்களே. சுண்டல் வாங்கித் தின்னுக்கிட்டே நானும் கேட்டிருக்கேன். உள்ளே விட முடியாதுங்க” என்றான் இடும்பன்.

ஆணையை ரத்து செய்கிறேன் என்றார் ராஜா. கொலுமண்டபத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் செல்லும் என்றான் அவன். அங்கே போக விடு என்றார். ரத்தாகும்வரை விட முடியாது என்றான். மண்டபத்தைப் பெயர்த்துக்கொண்டு வரச் சொல்லலாமா என்றுகூட ராஜா ஒரு கணம் நினைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

கூத்தபிரான் இடுப்பிலிருந்து ஓலையை எடுத்தார். முதுகு சொறிந்த அதே ஓலை. “சபை மனசு வைத்தால் உங்களை உள்ளே விடலாம் மகாராஜா. அதற்கு இந்தச் சட்டம் செல்ல வேண்டும். ஆணைக்குத்தான் சிம்மாசனம்; சட்டத்துக்கு முத்திரை போதும். முத்திரை மோதிரம் நல்லவேளையாக உங்களோடு வெளியே வந்திருக்கிறது.”

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு அரக்கில் மோதிரத்தை அழுத்தினார்.

மகாசபை வாசலுக்கு உள்பக்கம் நிழலில் கூடியது. வெளியே நிற்பவருக்கு ஊரில் தெரிந்தவர்கள் உண்டா என்று ஒருவர் கேட்டார். வந்தால் என்ன தொழில் செய்வார் என்று இன்னொருவர் கேட்டார். ராஜா எல்லாவற்றுக்கும் கைகட்டிப் பதில் சொன்னார். வெற்றிலை போட்டு முடித்தபிறகு சபை தீர்மானித்தது: பழைய ஆணை செல்லாது, அக்கரையில் பிறந்தவர்கள் எல்லாரும் ஊரில் இருக்கலாம், ராஜா உட்பட.

ராஜா உள்ளே ஒரு காலை வைத்தார். அத்தனை நேரம் குடித்த புழுதி மூக்கில் ஏறியது. ஊரே அதிரத் தும்மினார்.

எல்லாரும் கல்லாய் நின்றார்கள். இடும்பன் ஈட்டியை மறுபடி குறுக்கே கொஞ்சம் தாழ்த்தினான். ராஜா தூக்கிய மறுகாலைக் கீழே வைக்கப் பயந்து கூத்தபிரானைப் பார்த்தார்.

“தைரியமாக வாருங்கள் மகாராஜா. தும்மினவர்களைத் துரத்துகிற ராஜா இப்போது இந்த ஊரில் இல்லை” என்றார் கூத்தபிரான்.

ராஜா ஒற்றைக் காலில் நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். பின்னால் வந்த அலமேலு மாலையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், தோசைக்கல்லை இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.