பானு மாஸ்டர் கொடுத்த தண்ணீர்

"பத்து மணி நேரம் எழுந்திரிக்காம உட்கார ஒரு வழி சொல்லுங்க மாஸ்டர்," என்றார் ஆன்டோ.

பானு, வீடியோ கேம் போட்டிகளுக்கு ஆட்களைப் பழக்குகிறவர். வயது இருபத்தாறு. ஆன்டோவுக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் பானுதான் குரு.

"இப்ப எவ்வளவு நேரம் உட்காருறீங்கண்ணே?"

"ஏழு மணி நேரம். அதுக்கே கால் வீங்கி மரத்துப்போகுது. செருப்பு நுழைய மாட்டேங்குது. கழுத்தும் திரும்பல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இப்படியே உட்கார்ந்தா ரத்தம் கட்டிக்கும், விளையாட்டை விட்டுருன்னாரு. எனக்கு உருப்படியா வர்றது இது ஒண்ணுதான் மாஸ்டர். அடுத்த மாசம் சென்னையில போட்டி."

"நடுவுல எழுந்திரிக்கிறதே இல்லையா?"

ஆன்டோவின் முகத்தில் பெருமை வந்தது.

"எழுந்திரிக்கக் கூடாதுன்னே காலையிலருந்து தண்ணி குடிக்க மாட்டேன்."

"பெரிய தவம்தான்," என்றார் பானு.

உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரும் செம்பும் கொண்டுவந்து வைத்தார்.

"இனிமே தினமும் இங்கயே வந்து விளையாடுங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் ஒரு செம்பு. முழுசா."

"மருந்தா மாஸ்டர்?"

"குடிங்கண்ணே."

குடித்தார். ஒரு மணி நேரத்தில் நாற்காலியில் நெளிந்தார்.

"கழிப்பறை எங்க மாஸ்டர்?"

"மூணாவது மாடி."

"கீழயே ஒண்ணு இருக்கே."

"பூட்டியிருக்கு."

சாவி பானுவின் கையில்தான் இருந்தது.

முதல் வாரம் ஆன்டோ கைப்பிடியைப் பிடித்து, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினார்.

"ஒண்ணுக்குப் போக மலையேற விடுற குருவை இப்பத்தான் பாக்கேன்."

"பழனியில இதைவிடப் படி அதிகம்ணே. ஏறுங்க."

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறி இறங்கினார். இரண்டாம் வாரம் முனகல் நின்றது. மூன்றாம் வாரம் கைப்பிடியை மறந்துபோனார்.

நான்காம் வாரம் டாக்டர் அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை; வீக்கம் வடிந்திருந்தது.

"என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று டாக்டரே கேட்டார்.

ஆன்டோ நேராக மாஸ்டரிடம் வந்தார்.

"அந்தத் தண்ணியில ஒரு கேன் குடுங்க. சென்னைக்குக் கொண்டுபோகணும்."

"எதுக்கு? அங்கயும் குழாயில வருமே."

"இது குழாய்த் தண்ணியா?"

"ஆமா."

"ஒண்ணும் கலக்கலையா?"

"வடிகட்டினேன்."

ஆன்டோ குடத்தைப் பார்த்தார். குனிந்து காலைப் பார்த்தார்.

"அப்ப சென்னையில நான் என்ன செய்ய?"

"போட்டி நடக்கிற இடத்துல கழிப்பறை எத்தனாவது மாடியிலன்னு கேட்டு வச்சுக்குங்கண்ணே."