பின் சீட்டில் ஒரு கியர்பாக்ஸ்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அதன் குரு வேதவல்லி அம்மா. ஆசிரமத்து அம்பாசிடர் காரை ஓட்டியவர் அவருடைய சீடர் அருணகிரி. குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது கூடுதல். அவர் "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணே" என்பார்.

ஒரு காலத்தில் அந்தச் சாலையில் கல்யாணமோ சாவோ, அம்பாசிடரில்தான் வந்து இறங்குவார்கள். போன வருஷம் முழுக்க அருணகிரி கண்ணில் பட்டது இரண்டே இரண்டு. ஒன்று சினிமா படப்பிடிப்புக்குப் போனது. இன்னொன்று லாரியின் மேல் போனது, உடைப்பதற்கு.

அதைப் பார்த்த நாளிலிருந்து, இனி உதிரிபாகம் கிடைக்காதே என்று மனுஷனுக்கு நிம்மதி இல்லை. எங்கேயாவது ஒரு அம்பாசிடரை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஓடிவிடுவார். கார்புரேட்டர், டைனமோ, பெட்ரோல் பம்ப், ஆக்சில் என்று கிடைத்ததை எல்லாம் வாங்கி வந்து வண்டியிலேயே ஏற்றினார். டிக்கி நிறைந்ததும் மிச்சம் உள்ளே ஏறியது. பின் சீட்டில் ஒரு முழு கியர்பாக்ஸ், கோணியைப் போர்த்திக்கொண்டு கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"செத்துப்போன சொந்தக்காரங்களை எல்லாம் ஏத்திக்கிட்டுப் போகுது பாரு" என்று ஆசிரமத்தில் கேலி செய்தார்கள். சிரிப்பவர்களுக்கு என்ன, ஓட்டுகிறவருக்குத்தானே பயம் தெரியும்.

ஒரு சித்திரை மாதத்து மதியம், மலைமேல் துக்கம் விசாரித்துவிட்டுக் குருவும் சீடரும் வண்டியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, கிர்ருன்னு ஒரு சத்தம் கேட்டுச்சா?"

"இல்லையே அண்ணே."

"எனக்குக் கேட்டுச்சு. வண்டியில உக்காந்தாலே வழியில நின்னுடுமோன்னு தோணுது. இந்தப் பயம் எப்பம்மா போகும்?"

அம்மா வாய் திறப்பதற்குள் அருணகிரி பிரேக்கை மிதித்தார். சாலை நடுவில் ஒருவன் இரண்டு கைகளையும் விரித்து நின்றான்.

"சாமி, என் பொண்டாட்டிக்கு விடியல்லருந்து வலி. பனிக்குடம் உடைஞ்சுபோச்சு. போன் பண்ணலாம்னா டவர் இல்ல. பஸ்ஸு இனிமே சாயங்காலந்தான்."

அவன் பெயர் வெள்ளையன். மனைவி மரத்தடியில் கிடந்தாள். அருணகிரி பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"படுக்க இடமில்லையேப்பா..."

அம்மா இறங்கிப் பின் கதவைத் திறந்துவிட்டார்.

"ஒரு கை பிடிங்கண்ணே."

கியர்பாக்ஸ் இறங்கியது. மற்றதையெல்லாம் மண் படாமல் வைக்க அருணகிரி கோணியை விரித்து, ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். மரத்தடியில் அவள் அலறினாள். அம்மா அவர் கையிலிருந்ததை வாங்கிப் புல்லில் போட்டார். மிச்சத்தை வெள்ளையன் வாரிக் கொட்டினான். கொட்டிய ஒவ்வொரு சத்தத்துக்கும் எது உடைந்தது என்று அருணகிரி எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பின்னால் உட்கார்ந்தார். வெள்ளையன் முன்னால் ஏறினான்.

மூன்று மைல் இறங்கியதும் இடையில் வந்த ஒரு ஏற்றத்தில் வண்டி திணறி நின்றுவிட்டது.

அருணகிரி பானெட்டைத் தூக்கினார்.

"பெட்ரோல் பம்ப் கொதிக்குதும்மா, என்ஜினுக்குப் பெட்ரோல் ஏறல. வேற ஒண்ணு வச்சிருந்தேன். அது அங்க புல்லுல கெடக்கு."

"இங்க என்ன இருக்கு?"

"இங்கயா? குடிக்கிற தண்ணிதான் இருக்கு."

சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலையே பார்த்தார். வெள்ளையனின் தோளிலிருந்த துண்டை உருவி, நனைத்து, பம்ப்பைச் சுற்றிக் கட்டினார். சூடு தணியக் காத்திருந்தார்கள். பின் சீட்டில் அலறல் முனகலானது. பிறகு முனகலும் நின்றது. வெள்ளையன் அழ ஆரம்பித்தான்.

"மூச்சு இருக்கு. வண்டிய எடுங்கண்ணே" என்றார் அம்மா.

இரண்டாவது முயற்சியில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் இரண்டு பேருமே கிடைத்திருக்க மாட்டார்கள் என்று நர்ஸ் சொன்னாள்.

பொழுது சாய்வதற்குள் அம்மாவும் அருணகிரியும் மரத்தடிக்குத் திரும்பினார்கள். ஒரு சாமானும் தொலையவில்லை. ஒரு ஆடு மட்டும் கியர்பாக்ஸ்மேல் ஏறி நின்று இலை கடித்துக்கொண்டிருந்தது. அருணகிரி அதை விரட்டிவிட்டு, குனிந்து கியர்பாக்ஸைப் பிடித்தார். தூக்காமல் நிமிர்ந்தார். பின் சீட்டில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"ஏத்திடட்டுமாம்மா? மறுபடி வழியில நின்னுட்டா?"

"ஏத்துங்கண்ணே. ஆனா இனிமே ஒருத்தன் குறுக்க நின்னு கைய விரிச்சா, இடமில்லைன்னு அவனைச் சுத்தி ஓட்டிட்டுப் போகவும் பழகிக்குங்க."