எருமை வளைவு

சுண்டைக்காடு நகராட்சியின் சாலைப் பிரிவில் மூன்று பேர் உண்டு. மேஸ்திரி தணிகாசலம், முனிரத்தினம், அபரஞ்சி. மூவரும் நல்ல உழைப்பாளிகள். சொன்னதை அப்படியே செய்வார்கள். சிக்கலே அங்கேதான்.

போன வருஷம் கால்வாய் வெட்டும்போது, "குறுக்கே எது வந்தாலும் இடிச்சுட்டுப் போய்ட்டே இருங்க" என்று பொறியாளர் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் நகராட்சி அலுவலகத்தின் சுற்றுச்சுவரைக் காணோம். அவருடைய ஸ்கூட்டரையும் காணோம். அதுவும் குறுக்கேதான் நின்றிருந்தது.

அதனால் இந்த வருஷம் பொறியாளர் உஷாராகிவிட்டார். பூங்காவைச் சுற்றி மட்டும் இருந்த சைக்கிள் பாதையை ஊர் முழுக்க நீட்டுவதென்று நகராட்சி முடிவு செய்திருந்தது. முதல் கட்டம், பஸ் ஸ்டாண்டிலிருந்து காலேஜ் வரை நான்கு கிலோமீட்டர். பச்சை பெயின்ட், ஆறடி அகலம்.

"மேஸ்திரி, நல்லாக் கேட்டுக்கோங்க. வழியில இருக்கிற எதையும் இடிக்கக் கூடாது, நகத்தக் கூடாது. எது இருந்தாலும் சுத்திக்கிட்டுப் போங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வர்றாரு. பாதை நல்லா இருந்தா உங்க ஃபைல் நகரும்" என்றார்.

அந்த ஃபைல்தான் தணிகாசலத்தின் உயிர். அவர் தற்காலிக ஊழியர். ஒவ்வொரு டிசம்பரிலும் வேலை முடிந்துவிடும். ஜனவரியில் மறுபடி எடுப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் அந்த மாதம் முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. நிரந்தரம் என்று ஒரு காகிதம் கைக்கு வந்துவிட்டால் போதும் என்று வேண்டாத சாமி இல்லை. எனவே பொறியாளர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. பத்தடி போவதற்குள் அறுந்த செருப்பு ஒன்று கிடந்தது. முனிரத்தினம் காலால் தள்ளப் போனான்.

"கால எடு" என்றார் தணிகாசலம். "நகத்தக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"ஒத்தச் செருப்புதானே மேஸ்திரி."

"ஒத்தையோ ரெட்டையோ, வழியில இருக்குதா இல்லையா?"

இருந்தது. ஆகவே செருப்பைச் சுற்றிப் பிறை வடிவத்தில் பாதையை வளைத்துக்கொண்டு போனார்கள். அடுத்து பஸ்ஸுக்காக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரையும் நகர்த்தவில்லை. நான்கு பக்கமும் மரியாதையாக பெயின்ட் அடித்து, காய்கிற வரைக்கும் மிதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவருடைய பஸ் வந்தது, நின்றது, போனது. அவர் நடுவில் நின்றபடி கையாட்டிப் பார்த்தார். அபரஞ்சி அவருக்கு டீ வாங்கி நீட்டினாள். நல்ல மனசுக்காரி.

மூன்றாம் நாள் ரேஷன் கடை முன்னால் ஓர் எருமை படுத்திருந்தது. அந்தத் தெருவில் பால் கறந்து விற்கும் சுலோச்சனாவின் எருமை. நல்ல நிறைமாதம், வயிறு இரண்டு பக்கமும் பரந்திருந்தது. தணிகாசலம் கயிறு பிடித்து அதன் மூக்கிலிருந்து வால் வரை அளந்தார். எருமை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பாதை அங்கே நேராக வந்து, அழகாக ஒரு பானை வயிறு போல வெளியே வளைந்து, மறுபடி நேராகிப் போயிற்று. தணிகாசலத்துக்கே அந்த வளைவு ரொம்பப் பிடித்திருந்தது. தள்ளி நின்று இரண்டு முறை பார்த்தார்.

வாரக் கடைசியில் காலேஜ் வாசலில் பாதை முடிந்தது. டப்பாவில் ஒரு சொட்டு பெயின்ட் மிச்சமில்லை. ஒரு முறை முழுக்க நடந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள்.

செருப்பு அங்கேயே கிடந்தது. ஒற்றைச் செருப்பை யார் எடுப்பார்கள். பஸ்ஸுக்கு நின்றவர் போயிருந்தார், ஆனால் அந்த இடத்தில் வேறொருவர் நின்றார். ரேஷன் கடைக்கு வந்ததும் தணிகாசலம் நின்றுவிட்டார். வளைவு இருந்தது. எருமையைக் காணோம்.

மூவரும் வளைவின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அழிச்சுட்டு நேராப் போட்ருலாமா?" என்றான் முனிரத்தினம்.

"பெயின்ட்டுக்கு எங்க போவ? அதுவும் இல்லாம, அழிச்சா தப்பு பண்ணிட்டோம்னு ஆயிடும். நாம தப்பு பண்ணல. வளைச்சதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு."

"அந்தக் காரணம் எழுந்து போயிடுச்சேண்ணா" என்றாள் அபரஞ்சி.

தணிகாசலம் தாடையைச் சொறிந்தார். "அப்ப காரணத்தைக் கூட்டிட்டு வரணும்" என்றார்.

இந்த மூளைக்குத்தான் மேஸ்திரியாக இருக்கிறார் என்று மற்ற இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

அன்றிலிருந்து தினமும் காலையில் சுலோச்சனா வீட்டுக்குப் போய் எருமையை ஓட்டி வந்தார்கள். அது வந்தது, ஆனால் படுக்கவில்லை. படுத்தால் வளைவுக்கு வெளியே படுத்தது. முனிரத்தினம் முன்னால் படுத்துக் காட்டினான். அபரஞ்சி புண்ணாக்கு வைத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் எருமைக்கு விஷயம் பிடிபட்டது. தானே வந்து, கோடு மிதிபடாமல், வாலைக்கூட உள்ளே சுருட்டிக்கொண்டு படுத்தது.

"நம்மள விட சீக்கிரம் கத்துக்குது" என்றார் தணிகாசலம். உண்மையாகவே பெருமைப்பட்டார்.

திறப்பு விழா நாள் வந்தது. காலையில் சுலோச்சனா வீட்டு வாசலில் போய் நின்றால், அவள் மஞ்சள் பூசிய முகத்தோடு சிரித்தாள்.

"கன்னு போட்ருச்சு மேஸ்திரி. பத்து நாளைக்கு எங்கியும் அனுப்ப மாட்டேன்."

தணிகாசலம் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஃபைல், டிசம்பர், இறங்காத சோறு எல்லாம் கண்முன் வந்தன. வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"நான் படுத்துக்கறேன் மேஸ்திரி" என்றான் முனிரத்தினம்.

அபரஞ்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பத்த மாட்ட. வளைவு எருமைக்கு அளந்தது." பிறகு அவள் பார்வை தணிகாசலத்தின் தொப்பையில் வந்து நின்றது. முனிரத்தினத்தின் பார்வையும் அங்கேயே வந்தது.

பத்து மணிக்கு மேஸ்திரி கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வளைவுக்குள் ஒருக்களித்துப் படுத்தார். அளவு கச்சிதமாக இருந்தது.

"ஈ உக்காந்தா கையால ஓட்டாதீங்கண்ணா" என்றாள் அபரஞ்சி. "அது ஓட்டாது. காதை மட்டும் ஆட்டுங்க."

"எனக்குக் காதாட்ட வராதே."

"அப்ப பொறுத்துக்கோங்க."

பொறுத்துக்கொண்டார். தார்ச்சாலை சுட்டது. கம்பளிக்குள் வேர்த்து ஊற்றியது. தூரத்தில் சைக்கிள் மணிகள் கேட்டன. சென்னை அதிகாரி முன்னால் ஓட்டி வந்தார், அவர் பின்னால் ஆணையர் அம்மா, அவர் பின்னால் பொறியாளர். வளைவுக்கு வந்ததும் அதிகாரி பிரேக் போட்டார்.

"யார் இவரு? எதுக்கு நடுரோட்டுல படுத்திருக்காரு?"

பொறியாளர் திரும்பி ஆணையர் அம்மாவைப் பார்த்தார். தணிகாசலம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூக்கின் மேல் ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது.

ஆணையர் அம்மா கெட்டிக்காரர். ஒரு விநாடி யோசித்தார். "விழிப்புணர்வு சார்" என்றார். "சைக்கிள் ஓட்டுறவங்க வழியில யார், எது இருந்தாலும் கவனிச்சு ஒதுங்கிப் போகணும். அதைப் பழக்கறதுக்காக இங்க ஒரு வளைவும் ஒரு ஆளும் வெச்சிருக்கோம்."

"தினமுமா?"

"தினமும் சார்."

அதிகாரி இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "வேற எந்த ஊர்லயும் நான் இதைப் பார்த்ததில்லை" என்றார். அது சத்தியம். "ஈ உக்காந்தாக்கூட அசையாம இருக்காரு. இவர் நிரந்தர ஊழியர்தானே?"

"தற்காலிகம்தான் சார்."

"இந்த மாதிரி ஆளை எப்படித் தற்காலிகமா வெச்சிருக்கீங்க?"

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. தணிகாசலம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய்விட்டு அழுதார். மனைவி கேசரி கிண்டினாள். மறுநாளிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வளைவுக்குள் படுத்திருப்பது அவருடைய நிரந்தரப் பணி. மதியம் ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சாப்பிட அனுமதி உண்டு. ஊர் ஜனங்களும் மணியடித்துவிட்டு ஒதுங்கிப் போகப் பழகிவிட்டார்கள். சில பேர் அவரிடம் வழிகூடக் கேட்கிறார்கள்.

நிரந்தர ஊழியருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்கு வளைவு காலியாகக் கிடந்தால் அதிகாரி கேள்வி கேட்பாரே என்று, பதிலுக்கு ஆள் போட ஆணையர் உத்தரவிட்டார். அனுபவம் உள்ளவர் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஊரில் அந்த அனுபவம் ஒரே ஒருத்தருக்குத்தான் இருந்தது. கன்று கொஞ்சம் வளர்ந்ததும் சுலோச்சனாவின் எருமை வேலையில் சேர்ந்தது.

ஆனால் எருமை தற்காலிகம்தான். டிசம்பர் வந்தால் அதன் வேலையும் முடிந்துவிடும். தணிகாசலத்துக்கு அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. அந்த ஒரு மாதம் எப்படி இருக்கும் என்று அவரை விட யாருக்குத் தெரியும். எருமைக்குத் தீனி குறைகிறதோ என்று தினமும் சுலோச்சனா வீட்டுக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் அவரே உட்கார்ந்து ஒரு மனு எழுதினார்: "ஐயா, என்னை விட இவர் சீனியர். இந்த வளைவே இவரை அளந்து போட்டதுதான். இவரை நிரந்தரமாக்கிக் கருணை காட்ட வேண்டும்."

திங்கட்கிழமை மனுவோடு நகராட்சி அலுவலக மாடிப்படியில் எருமையை ஏற்றிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் முன்னாலிருந்து இழுத்தான், அபரஞ்சி பின்னாலிருந்து தள்ளினாள். பொறியாளர் ஓடி வந்து, மனுவைக் கொடுத்தால் போதாதா, மாட்டை எதற்கு மாடிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தணிகாசலம் மூச்சு வாங்கியபடி சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார்.

"விண்ணப்பதாரர் நேர்ல வரணும்னு போட்ருக்குதே சார்."